ரோமானியக் காசில் தோளைப் படிப்பது எப்படி: பேரரசர்களின் உடையையும் கவசத்தையும் அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

ரோமானியக் காசு ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்போம். மூக்கு, தாடி, தலையில் இருக்கும் இலைமாலை, சுற்றிலும் உள்ள எழுத்து. யாருடைய காசு என்பது அங்கேதான் தெரியும் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் அதே பேரரசர், அதே ஆண்டு, அதே பின்பக்கம் என்று எல்லாமே ஒத்துப்போகும் இரண்டு காசுகளைப் பட்டியல் நூல்கள் இரண்டு தனி வகைகளாகப் பிரித்து வைத்திருக்கும். எழுத்தை எத்தனை முறை ஒப்பிட்டாலும் வித்தியாசம் பிடிபடாது. அது கழுத்துக்குக் கீழே இருக்கிறது. ஒருவர் கவசம் மட்டும் அணிந்திருப்பார். இன்னொருவர் அதே கவசத்தின் மேல் ஒரு போர்வையைப் போட்டிருப்பார்.

அந்தப் பகுதியைப் படிக்கத்தான் இந்த வழிகாட்டி. தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் அகலம். அதில் தோளுக்குக் கிடைக்கும் இடம் ஒரு பச்சரிசி நீளம்கூட இருக்காது. அந்த இடத்துக்குள் அச்சு செதுக்கிய கைவினைஞர் வார், ஊக்கு, மடிப்பு, செதில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். ஏனோதானோவென்று வைக்கவில்லை. தளபதி, பூசாரி, கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி வகிப்பவர், கடவுளுக்கு நிகரானவர் என்று பேரரசர் எந்தக் கோலத்தில் மக்கள் கைக்குப் போக வேண்டும் என்பதை அந்தத் தோள் சொல்கிறது.

தொடங்கும் முன்: வெளிச்சமும் கண்ணும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். அதைவிட முக்கியம் வெளிச்சம். நேர் மேலிருந்து விழும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் மடிப்புகள் எல்லாம் தட்டையாகிவிடும். மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் காசின் மேல் சரிந்து விழும்படி வையுங்கள். அப்புறம் காசை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் மறைந்திருக்கும் கோடு இன்னொரு கோணத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். ஒரே ஒரு புகைப்படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்கு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விட்டு நான்கு படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று புளி, எலுமிச்சை பக்கம் போய்விடாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. காசின் மேல் பல நூற்றாண்டாகப் படிந்திருக்கும் பச்சைப் படலத்தை அமிலம் தின்றுவிடும். முதலில் கரையும் விவரங்களில் தோளும் ஒன்று. ஒரு முறை போனால் திரும்ப வராது.

கண்ணைப் பழக்குவதற்குச் சின்னக் காசில் தொடங்க வேண்டாம். 30 மில்லிமீட்டருக்கும் மேல் அகலம் உள்ள செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய பித்தளைக் காசுகளின் படங்களில் தொடங்குங்கள். பிரிட்டிஷ் மியூசியமும் அமெரிக்க நாணயவியல் கழகமும் ஆயிரக்கணக்கான காசுகளை நல்ல படங்களோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. கூடவே இரண்டு சிலைகளின் படங்களையும் பாருங்கள். ஒன்று, 1863-இல் ரோமுக்கு வெளியே ப்ரிமா போர்ட்டாவில் கிடைத்து இப்போது வாட்டிகனில் இருக்கும் அகஸ்டஸ் சிலை. உடலின் தசைகளை அப்படியே வடித்த மார்புக்கவசமும், தோளிலிருந்து தொங்கும் வார்களும் அதில் தெளிவாகத் தெரியும். இன்னொன்று, ரோமில் குதிரை மேல் அமர்ந்திருக்கும் மார்கஸ் ஆரேலியஸின் வெண்கலச் சிலை. அதில் கவசம் கிடையாது. அங்கியின் மேல் போர்வை மட்டும், வலத்தோளில் ஊக்கு. காசில் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும் உடைகளின் முழு வடிவம் இந்த இரண்டிலும் இருக்கிறது. இவற்றை மனதில் ஏற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: கழுத்து எங்கே முடிகிறது?

கழுத்தோடு உருவம் முடிந்துவிட்டால் அது "தலை". தோளும் மார்பின் மேல்பகுதியும் தெரிந்தால் அது "மார்பளவு". உடை, கவசம் என்ற கேள்வியே மார்பளவில்தான் எழும். ஆகவே காசைக் கையில் எடுத்ததும் கழுத்தின் கீழ்க்கோட்டைத் தேடுங்கள். அது ஒரே வளைவாக, வெட்டியதுபோல் முடிந்தால் தலை. அதற்குக் கீழே ஏதாவது தொடர்ந்தால் மார்பளவு.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் படி கூடுதலாக முக்கியம். தமிழ்நாட்டில், குறிப்பாகக் கோவை, கரூர் வட்டாரத்தில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் இருவருடையவை. இரண்டிலும் இலைமாலை சூடிய தலை மட்டுமே. உடை இல்லை, கவசம் இல்லை. அகஸ்டஸின் அந்தக் காசில் உடையைப் பார்க்க வேண்டுமானால் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அவருடைய பேரர்கள் கையஸ், லூசியஸ் இருவரும் ரோமானியக் குடிமக்கள் உடலைச் சுற்றி அணியும் டோகா என்ற நீள மேலாடை உடுத்தி, நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும் இருக்க, நிற்பார்கள். முகத்துப் பக்கத்தில் வெறுங்கழுத்து, பின்பக்கத்தில் முழு உடை. எனக்கு இந்த வேறுபாடு மிகவும் பிடிக்கும். பெரியவரின் தலையைக் கிரேக்க மன்னர்கள், கடவுளர்கள் வரிசையில் வைத்துவிட்டு, வாரிசுகளை ரோமானியக் குடிமக்களாக நிறுத்தியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை மேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. இப்படி வெட்டுப்பட்ட காசைப் பார்க்கும்போது கழுத்தின் குறுக்கே ஓடும் கோட்டைப் போர்வையின் விளிம்பு என்று எண்ணிவிடக் கூடாது. அச்சில் வந்த கோடு மேடாக எழும்பி நிற்கும். உளி வெட்டு பள்ளமாக உள்ளே போகும். லென்ஸில் இரண்டையும் குழப்பவே முடியாது.

இரண்டாம் படி: தோளில் வார் இருக்கிறதா?

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கவசம் இருக்கிறதா என்று மார்பில் தேடாதீர்கள். தோளில் தேடுங்கள்.

மார்புக்கவசத்துக்கு உள்ளே போடும் சட்டையிலிருந்து தோள் மூட்டின் மேல் வரிசையாகச் சிறு வார்கள் தொங்கும். தோலாலோ பல அடுக்குத் துணியாலோ ஆனவை. நுனியில் குஞ்சம் இருக்கும். கிரேக்கத்தில் இவற்றுக்கு "சிறகுகள்" என்று பொருள்படும் ப்டெருகெஸ் என்ற பெயர். நான் இதைத் தோள்வார் என்றே எழுதப்போகிறேன். காசில் இது இணையாக ஓடும் குட்டிக் கோடுகளின் அடுக்காகத் தெரியும். நேராக, ஒரே அளவாக, சீப்பின் பற்கள்போல் இருக்கும். துணியின் மடிப்பு அப்படி இருக்காது. மடிப்பு வளையும், ஓரிடத்தில் நெருங்கி இன்னோரிடத்தில் விரியும், புடவைக் கொசுவம்போல ஓரிடத்திலிருந்து கிளம்பி விசிறியாகப் பிரியும். சீப்புப் பல்லா, கொசுவமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பத்தில் எட்டுக் காசுகளுக்கு அந்தக் கேள்வியிலேயே விடை வந்துவிடும்.

தோள்வார் தெரிந்தால் கவசம் உண்டு. மார்பு முழுவதையும் போர்வை மூடியிருந்தாலும் உண்டு.

வார் உறுதியான பிறகு மார்புக்கு வாருங்கள். போர்வை இல்லாவிட்டால் கவசத்தின் பரப்பே தெரியும். வழவழப்பாக, கழுத்தருகே வட்டமான விளிம்போடு இருந்தால் தசை வடித்த கவசம். பேரரசர்கள் காசில் பெரும்பாலும் அணிவது இதைத்தான். சாதாரணப் படைவீரன் அணிந்த இரும்பு வளையச் சட்டையோ பட்டைக் கவசமோ பேரரசர் உருவத்துக்கு வராது. தசைக்கவசம் கிரேக்கத் தளபதிகளிடமிருந்து வந்த, உயர்ந்தவர்களுக்கான கவசம். மீன் செதில்போல அரைவட்டங்கள் அடுக்கடுக்காக இருந்தால் செதில் கவசம். தேய்ந்த காசில் செதில்கள் வெறும் புள்ளிகளாக மாறியிருக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே ஒரு பட்டை மேலிருந்து இறங்கி மார்பில் முடிந்தால் அது கவசத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கும் தோள்பட்டை. நல்ல நிலையில் உள்ள சில காசுகளில் மார்பின் நடுவில் பாம்புத்தலை மெதூசாவின் முகம் பொறிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாம் படி: போர்வை

ரோமானியத் தளபதி போருக்குப் புறப்படும்போது அணிந்த மேலாடைக்கு பலூதாமென்டம் என்று பெயர். இடத்தோளையும் முதுகையும் சுற்றி, வலத்தோளில் ஒரு ஊக்கால் இணைத்துவிடுவார்கள். வாள் பிடிக்கும் வலக்கை தடையில்லாமல் அசைய வேண்டும் என்பதால்தான் ஊக்கு வலப்பக்கம். காசில் அந்த ஊக்கு ஒரு சிறு வட்டமாக, மேடாக இருக்கும். மடிப்புகள் அனைத்தும் அந்த வட்டத்திலிருந்து கிளம்பும். வட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போர்வை போகும் வழி தானாகப் புரியும்.

இந்த இடத்தில் மூன்று வகைகள் பிரிகின்றன. மடிப்பு மட்டும் இருந்து தோள்வார் இல்லையென்றால் "போர்வை மட்டும்". ஆங்கிலப் பட்டியல்களில் ட்ரேப்ட். கவசம் மட்டும் தெரிந்து துணியே இல்லையென்றால் "கவசம் மட்டும்"; குயிராஸ்ட். போர்வைக்கு அடியிலிருந்து தோள்வார் எட்டிப்பார்த்தால் "போர்வையும் கவசமும்". ட்ரேப்ட் அண்ட் குயிராஸ்ட்.

மூன்றாம் நூற்றாண்டுக் காசுகளில் அதிகம் நடக்கும் தவறு, மூன்றாவது வகையை முதல் வகை என்று எழுதுவது. தோள் மேடான இடம். விரல் படப்பட வார்க் கோடுகள் தேய்ந்துபோகும். பள்ளமாக இருக்கும் மடிப்புகள் தங்கிவிடும். மிஞ்சியதைப் பார்த்துப் "போர்வை மட்டும்" என்று எழுதிவிடுவோம். நானும் பல காலம் அப்படித்தான் எழுதினேன். பிறகு அதே வகையின் தேயாத காசுகளைப் படத்தில் பார்த்தபோது என் குறிப்புகளில் பலவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. தோள் தேய்ந்த காசு என்றால், அதே அச்சிலோ அதே வகையிலோ அடித்த நல்ல காசு ஒன்றைத் தேடி ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

நான்காம் படி: நம்மைப் பார்த்து நிற்கிறாரா, முதுகைக் காட்டுகிறாரா?

புதியவர்கள் அதிகம் திணறும் இடம் இது. முகம் பக்கவாட்டில் இருந்தாலும் உடல் முழுப் பக்கவாட்டில் இருக்காது. மார்பு சற்று நம் பக்கம் திரும்பியிருக்கும், அல்லது முதுகு நம் பக்கம் திரும்பியிருக்கும். பட்டியல்கள் இதை "முன்னிருந்து", "பின்னிருந்து" என்று தனித்தனியாகக் குறிக்கின்றன.

வாயால் விளக்குவதைவிடச் செய்து பார்ப்பது எளிது. வீட்டில் ஒருவரை நிறுத்தி, ஒரு துண்டை இடத்தோள் மேலும் முதுகிலும் சுற்றி வலத்தோளில் ஊக்கு குத்துங்கள். அவர் முகத்தை உங்களுடைய வலப்பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். இப்போது மார்பை உங்கள் பக்கம் திருப்பினால் ஊக்கு உங்களுக்கு இடப்பக்கம், அவருடைய பிடரிக்குக் கீழே வரும். துண்டின் மடிப்பு அங்கிருந்து மார்பின் குறுக்கே வளைந்து இறங்கும். கவசம் அணிந்திருந்தால் தோள்வார்களும் அந்த இடப்பக்க மூலையில்தான் தெரியும்.

அப்படியே முகத்தை அசைக்காமல் முதுகை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வலத்தோள் இப்போது உங்களுக்கு வலப்பக்கம், அவருடைய முகவாய்க்குக் கீழே போய்விடும். ஊக்கும் வார்களும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். உங்கள் கண் முன்னால் இருப்பது அகன்ற முதுகும், பிடரியைச் சுற்றிப் பெரிய வளைவுகளாக இறங்கும் துணியும்தான்.

ஆக, வலப்புறம் பார்க்கும் உருவத்தில் வார்கள் பிடரிக்குக் கீழே இருந்தால் முன்னிருந்து. முகவாய்க்குக் கீழே இருந்தால் பின்னிருந்து. ஐந்து நிமிடம் துண்டோடு செலவழித்தால் ஆயுளுக்கும் மறக்காது. இடப்புறம் பார்க்கும் உருவங்களுக்கும் இதே முறைதான். அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு வலத்தோள் எங்கே போகிறது என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: துண்டும் ஆட்டுத்தோலும்

ட்ராஜன் (98–117), ஹாட்ரியன் (117–138) காசுகளுக்கு வரும்போது ஒரு புதுமை. மார்பு வரை உருவம் இருக்கும், ஆனால் வெற்றுடம்பு. தூரத்துத் தோளில், அதாவது வலப்புறம் பார்க்கும் உருவத்தின் இடத்தோளில், ஒரு சிறு துணிக்கொத்து மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரில் பெரியவர்கள் வெற்றுமேனியில் தோள்மேல் துண்டு போட்டிருப்பார்களே, கிட்டத்தட்ட அந்தத் தோற்றம். கிரேக்க வீரர்களையும் கடவுளரையும் வெற்றுடம்போடு வடிக்கும் மரபிலிருந்து வந்தது இது. இதைப் "போர்வை" என்று எழுதக் கூடாது. "இடத்தோளில் துணி" என்று தனியாக எழுத வேண்டும். துணிக்கொத்து மிகச் சிறியது என்பதால், தேய்ந்த காசில் முகவாய்க்கு நேர் கீழே, கழுத்து வெட்டின் முன்முனையைப் பாருங்கள். அங்கே ஒரு சிறு புடைப்பாவது மிஞ்சியிருக்கும்.

அதே இடத்தில் துணிக்குப் பதிலாகச் செதில்களும், ஓரத்தில் நெளியும் பாம்புகளும், நடுவில் ஒரு முகமும் தெரிந்தால் அது ஈஜிஸ். யூப்பிட்டர், மினர்வா ஆகிய தெய்வங்களுக்கு உரிய மந்திர ஆட்டுத்தோல். அந்த முகம் மெதூசா. மினர்வாவைத் தன் காவல் தெய்வமாகக் கொண்ட டொமிஷியன் (81–96) காசுகளில் இது கழுத்தடியில் ஒரு பட்டைபோல வரும். செதிலைக் கண்டதும் செதில் கவசம் என்று எழுதிவிடும் ஆபத்து இங்கே உண்டு. தோள்வார் இருக்கிறதா என்று பாருங்கள். வார் இல்லாமல் செதில் மட்டும் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தால் ஈஜிஸ்.

கொமோடஸ் ஆட்சியின் கடைசிக் காலக் காசுகளில், 191–192 வாக்கில், தலையின் மேல் சிங்கத்தின் தலைத்தோல் மாட்டியிருக்கும். அவர் தன்னை ஹெர்குலிஸாகவே காட்டிக்கொண்டார். முகத்துக்குப் பக்கத்தில் சிங்கத்தின் பிடரிமயிரைப் பார்த்து அவருடைய சுருள்முடி என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆறாம் படி: சமய உடையும் கான்சல் உடையும்

டோகாவின் விளிம்பைத் தலைமேல் முக்காடாக இழுத்துக்கொள்வது ரோமானியப் பூசாரியின் கோலம். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் உயிரோடிருக்கும்போதே அவர் உருவத்தோடு வந்த தெனாரியஸ்களில் சிலவற்றிலேயே இந்த முக்காடு உண்டு. பிற்காலத்தில் முக்காடு இறந்து தெய்வமானவரின் அடையாளமாகவும் ஆனது. 337-இல் கான்ஸ்டன்டைன் இறந்த பிறகு அவர் மகன்கள் வெளியிட்ட சிறு செப்புக்காசுகளில் முக்காடிட்ட அவர் தலை வரும்.

கான்சல் உடை இன்னும் அழகானது. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இது அதிகம் வருகிறது. கனமான, பூவேலை நிறைந்த அகலப் பட்டைகள் மார்பில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போகும். பட்டைக்குள் புள்ளிகளும் கட்டங்களும் இருக்கும். போர்வையில் மடிப்பு உண்டு, வேலைப்பாடு கிடையாது. இதில் வேலைப்பாடுதான் கண்ணில் படும். கையில் கழுகு அமர்ந்த செங்கோல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ப்ரோபஸ் (276–282) காசுகளில் இதை நிறையப் பார்க்கலாம். ஆறாண்டு ஆட்சியில் ஐந்து முறை கான்சலாக இருந்தவர். உடை வகைகளைக் கற்க ஒரே ஒரு பேரரசரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ப்ரோபஸைத்தான் சொல்வேன். கவசம், போர்வை, கான்சல் உடை, தலைக்கவசம், ஈட்டி, கேடயம் என்று அவர் காசுகளில் வராத கோலமே இல்லை எனலாம். விலையும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் எட்டக்கூடியது.

தலையில் இருப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் தேய்ந்த காசிலும் இது தெரியும். இலைமாலை பேரரசருக்கு உரியது. வெறுந்தலையோடு போர்வை அணிந்த இளைஞன் என்றால், இரண்டாம் நூற்றாண்டில் பெரும்பாலும் சீசர் பட்டம் பெற்ற வாரிசு. ஆனால் ஹாட்ரியன் போன்ற பேரரசர்களும் சில நேரம் வெறுந்தலையோடு வருவார்கள். சூரியக் கதிர்போல முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும் கதிர்முடி, காசின் மதிப்பு இரட்டிப்பு என்பதற்கான குறி. 215-இல் காரகல்லா கொண்டுவந்த அன்டோனினியானஸ் காசில் இதுதான் அடையாளம். அரசியர்களுக்குக் கதிர்முடிக்குப் பதில் மார்புக்கடியில் ஒரு பிறை வைப்பார்கள். அந்தப் பிறையை உடையின் விளிம்பு என்று எண்ணுவது சகஜம். பெண்களின் உடையில் கவசம் இல்லாததால் அங்கே பெரும்பாலும் மடிப்பு, முக்காடு, தலையணி மூன்றைத்தான் கவனிக்க வேண்டும்.

324-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கான்ஸ்டன்டைன் தலையில் நெற்றிப்பட்டம் வருகிறது. முதலில் வெறும் பட்டை. பிறகு பூ வடிவ மணிகள், முத்து வரிசை. இந்தப் பட்டங்களுக்கும் இலைமாலைக்கும் பின்னால் முடிச்சிட்ட நாடாவின் இரு முனைகள் கழுத்தில் தொங்கும். அந்த நாடா தோளைத் தொட்டு நின்றால் போர்வையின் மடிப்புபோலவே தெரியும். நாடாவை முடிச்சிலிருந்து கீழ்நோக்கித் தொடர்ந்து பாருங்கள். எங்கே முடிகிறதோ அதற்குப் பிறகுதான் உடை தொடங்குகிறது.

தலைக்கவசம் போட்ட உருவம் எல்லாம் பேரரசர் என்று நம்பிவிட வேண்டாம். 330 வாக்கில் தொடங்கிய இரண்டு செப்புக்காசு வகைகளில் ரோம் நகரமும் கான்ஸ்டான்டினோபிள் நகரமும் பெண்களாகத் தலைக்கவசத்தோடு வருகின்றன. ரோமின் காசைத் திருப்பினால் இரட்டையருக்குப் பால் கொடுக்கும் ஓநாய் இருக்கும். இவை ஏராளமாகக் கிடைப்பவை என்பதால் தொடக்கக்காரர் கையில் முதலில் வந்து குழப்புவதும் இவைதான்.

ஆயுதத்தோடு வரும் உருவங்கள், நேர்முக உருவங்கள்

ப்ரோபஸின் வீரத்தைப் புகழும் காசுகளில் அவர் இடப்புறம் பார்த்து, தலைக்கவசமும் கதிர்முடியும் சேர்த்து அணிந்து, தோளில் ஈட்டியும் கையில் கேடயமுமாக வருவார். கேடயம் தோளையே மறைத்துவிடும். அப்போது கேடயத்தின் வட்ட விளிம்பு முடிந்த இடத்திலிருந்து கழுத்து வரை உள்ள சிறு இடைவெளியில்தான் கவசத்தைத் தேட வேண்டும். கேடயத்தின் முகப்பிலும் குதிரைவீரனோ மெதூசாவோ செதுக்கியிருக்கும். அது உடையின் பகுதி அல்ல, ஆனால் குறிப்பில் எழுதத் தகுந்தது.

நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸ் காலத்திலிருந்து சொலிடஸ் என்ற தங்கக்காசில் ஒரு பெரிய மாற்றம் வேரூன்றுகிறது. பேரரசர் முக்கால் பங்கு நம்மைப் பார்க்கிறார். தலைக்கவசம், மார்புக்கவசம், தோளுக்குப் பின்னால் ஈட்டி, முன்னால் விழுந்த எதிரியைக் குத்தும் குதிரைவீரன் பொறித்த கேடயம். கிழக்குப் பேரரசில் ஐந்தாம் நூற்றாண்டு முழுவதும் ஆட்கள் மாறினாலும் இந்தக் கோலம் மாறவில்லை. அதனால் அந்தக் காசுகளில் முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. எழுத்துதான் ஒரே வழி. ஜஸ்டினியன், 538–539-இல், ஈட்டியைக் கைவிட்டுச் சிலுவை பதித்த உருண்டையோடு முழு நேர்முகமாகத் திரும்புகிறார். கவசம் அப்போதும் இருக்கிறது.

செய்து பார்ப்போம்

முதலாவது, டைபீரியஸின் தெனாரியஸ். கழுத்து ஒரே வளைவாக முடிகிறது. இலைமாலையின் நாடா கழுத்தின் பின்னால் இறங்குகிறது. கீழே எதுவும் இல்லை. குறிப்பு: "இலைமாலைத் தலை, வலப்புறம்." பின்பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணின் முழு உடையைத் தனியாக எழுதுங்கள்.

இரண்டாவது, சூரியன் நாற்குதிரைத் தேரில் வரும் பின்பக்கத்தோடு ஒரு ப்ரோபஸ். உருவம் இடப்புறம் பார்க்கிறது. கதிர்முடி. தோளில் சீப்புப் பல்லைத் தேடுகிறோம், இல்லை. மார்பில் அகலப் பட்டைகள் குறுக்கே போகின்றன, உள்ளே புள்ளிகள். கையில் ஒரு கோல், அதன் உச்சியில் சிறகு விரித்த ஒரு சிறு உருவம். குறிப்பு: "கதிர்முடி, கான்சல் உடை மார்பளவு, இடப்புறம், கழுகுச் செங்கோலுடன்."

மூன்றாவது, நான்காம் நூற்றாண்டுப் பேரரசர் வாலென்ஸின் 17 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு செப்புக்காசு. கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரையிலும் இலங்கையிலும் கிடைக்கும் பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளோடு பழகியவர்களுக்கு இந்த அளவும் தேய்மானமும் பழக்கமானவை. முத்துப்பட்டம் புள்ளி வரிசையாகத் தெரிகிறது. மார்பில் வளைந்த மடிப்புகள். பிடரிக்குக் கீழே சின்ன வட்டம், அது ஊக்கு. அதற்கும் கீழே, காசின் விளிம்பை ஒட்டி, மூன்று நேர்க்கோடுகள் இணையாக நிற்கின்றன. விளக்கைச் சுற்றிப் பார்த்தாலும் மூன்றும் வளையவில்லை. தோள்வார். குறிப்பு: "முத்துப்பட்டம், போர்வையும் கவசமும், வலப்புறம், முன்னிருந்து."

விலை கொடுத்து வாங்கும் முன்

தேய்ந்த பெரிய காசுகளில் சிலர் கூரான கருவியால் மடிப்பையும் செதிலையும் புதிதாகக் கீறி விற்பார்கள். முடியெல்லாம் வழுக்கையாகத் தேய்ந்திருக்க, தோளில் மட்டும் மடிப்பு கத்தி முனைபோலக் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பவை. ஒன்று தேய்ந்தால் மற்றதும் தேய்ந்திருக்க வேண்டும். கீறிய கோட்டின் அடியில் படலத்தின் நிறமும் மாறியிருக்கும்.

வாங்காமல் மண்ணில் கிடைத்தது என்றால் அது வேறு கதை. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

குறிப்பேட்டில் எழுதும்போது கண்ணால் கண்டதையும் பட்டியலைப் பார்த்து ஊகித்ததையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். தோள் முழுக்கத் தேய்ந்திருந்தால் "போர்வை தெரிகிறது, தோள் தேய்ந்துள்ளது, கவசம் உறுதியில்லை" என்று எழுதி, பக்கத்தில் காசின் எடையையும் அகலத்தையும் நான்கு பக்க வெளிச்சப் படங்களையும் சேர்த்து வையுங்கள். அதே அச்சில் அடித்த தேயாத காசு ஒன்று எங்காவது படமாக வரும் நாளில் அந்தக் கடைசிச் சொல்லை அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.